அலமாரியில் ஒரு பீச்சாங்குழல்

பங்கு அலுவலகத்து இரும்பு அலமாரியில் என்னென்ன இருக்கும் என்பதைப் பங்கு மக்கள் ஓரளவு அறிவார்கள். திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு, பூசைக் கருத்து எழுதும் புத்தகம், கல்லறைத் தோட்டத்து ரசீதுகள், யாரோ மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடி ஒன்று. கரிக்கலாம்பாக்கத்தில் நமது அலுவலக அலமாரியின் அடித்தட்டில் இவற்றோடு இன்னொரு பொருளும் ஏறக்குறையப் பத்து மாதங்கள் பூட்டிக் கிடந்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கி அது. கைப்பிடியை மேலும் கீழும் இழுத்துக் காற்றடித்துவிட்டு விசையை அழுத்தினால், முற்றத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை நீரைப் பீய்ச்சும் வகை. அதைப் பூட்டி வைத்தவர் நாமே. அதன் கதையை இங்கே எழுதுவதை ஓர் ஒப்புரவு முயற்சியாகவே வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தின் ஆண்டுத் திருவிழா, உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வருகிறது. 1877ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திருத்தலத்துக்கு நம் ஊரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செல்வார்கள். அன்னையைத் தரிசித்துவிட்டு, பொரியும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் கைகாட்டிய பொம்மையையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். சென்ற ஆண்டு அத்திருவிழாக் கடையில்தான் நம் பீடச் சிறுவன் ஒருவன் அத்துப்பாக்கியை வாங்கினான். பன்னிரண்டு வயது. தாத்தாவோடு வயலுக்குப் போய் உதவியதற்குக் கிடைத்த காசைச் சேர்த்து வாங்கியது என்பது நமக்குப் பின்னர்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறன்று திருப்பலியும் மறைக்கல்வியும் முடிந்திருந்தன. திருமணத்துக்கு நாள் குறித்திருந்த பெண் ஒருத்திக்குச் சான்றிதழ் தருவதற்காக, அவளுடைய பாட்டியின் காலத்துப் பதிவேட்டையும் சேர்த்து மேசைமீது விரித்து வைத்திருந்தோம். சன்னலுக்கு வெளியே பிள்ளைகளின் கூச்சல். நம் சிறுவன் தோழன் ஒருவனைக் குறிவைத்து விசையை அழுத்தினான். தோழன் குனிந்துகொண்டான். நாம் குனியவில்லை. நீர் சன்னல் கம்பிகளைத் தாண்டி வந்து நமது அங்கியிலும், திறந்து கிடந்த பதிவேட்டிலும் விழுந்தது.

ஊற்றுப் பேனாவால் எழுதிய பழைய எழுத்து. ஒரு வரியில் ஞானத்தாயின் பெயர் கலங்கி நீலமாகப் பரவியது. ஒற்றுத்தாளை வைத்து ஒற்றியபின் பார்த்தால், பெயர் வாசிக்கக்கூடிய நிலையிலேயே இருந்தது. சேதம் அவ்வளவுதான். ஆனால் நாம் தாளை ஒற்றுவதற்கு முன்பே வெளியே சென்றுவிட்டோம். நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில் அச்சிறுவனின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தோம். பீடத்தில் நிற்க உனக்குத் தகுதி இல்லை என்று சொன்னோம். உள்ளே வந்து அலமாரியைத் திறந்து, அடித்தட்டில் அதை எறிந்து, பூட்டினோம்.

திருமுழுக்கு ஆன்மாவில் பதிக்கும் முத்திரை எந்நாளும் அழியாதது என்று குருமடத்தில் கற்றோம். அதை நூறு மறையுரைகளிலாவது போதித்திருப்போம். அந்த நம்பிக்கையுள்ள நாம், ஏட்டில் மை கலங்கியதற்காகப் பதறி, அதே முத்திரையைத் தாங்கிய ஒரு பிள்ளையை நாற்பது பேர் முன் நாணச் செய்தோம். இது அன்று நமக்குத் தோன்றவில்லை.

அச்சிறுவன் பீடத்துக்கு வருவதை நிறுத்தினான். சில வாரங்கள் தாத்தாவோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். பிறகு தாத்தா மட்டும் வந்தார். பிள்ளைதானே, தானாக வருவான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டும் பிள்ளைகளிடையேயும் அவன் இல்லை. அவனில்லாத குடிலில் வைக்கோல் சற்றுக் கோணலாக வேயப்பட்டிருந்ததைக் கவனித்தோம். அதற்குமேல் ஒன்றும் செய்தோமில்லை.

தவக்காலம் நெருங்கியது. சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து சேகரித்து எரித்துத்தான் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் தயாரிக்கிறோம். வீடு வீடாகச் சென்று அவற்றைச் சேகரிப்பது முந்தைய ஆண்டுகளில் அச்சிறுவனின் வேலை. இவ்வாண்டு யாரை அனுப்புவது என்று நாம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவனுடைய தாத்தா காய்ந்த ஓலைக் கட்டொன்றைத் தலையில் சுமந்து வந்து அலுவலக வாசலில் இறக்கினார்.

“பையன்தான் சாமி, எல்லார் வூட்டுக்கும் போயி சேத்தான். சாமிகிட்ட குடுத்துட்டு வாங்கன்னான்.”

“அவன் வரவில்லையா?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு, “வரேன் சாமி” என்று புறப்பட்டார். துப்பாக்கியைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு அலமாரியைத் திறந்தோம். எறிந்த இடத்திலேயே அது கிடந்தது. தொட்டியில் பாதியளவு நீர் இன்னும் இருந்தது; மூடியைத் திறந்தபோது குட்டை நாற்றம் வீசியது. உட்புறம் வழவழவென்று பாசி போன்ற படலம். முனையைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருந்தது. காற்றடிக்கும் கைப்பிடி அசையவில்லை. கடலை அடுத்த நம் கொம்யூன்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. சோறு வடிக்கும் பாத்திரத்திலேயே வெள்ளைக் கோடு விழுகிறது. அந்நீர் பத்து மாதம் தேங்கினால் என்ன ஆகுமோ அதுவே ஆகியிருந்தது.

இந்நிலையில் இதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பழுது பார்த்தபின் கொடுப்போம் என்று உணவு மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம்.

நமக்கு இக்கலையில் சிறிது அனுபவம் உண்டு என்ற செருக்கும் இருந்தது. நம் சிறுவயதில் கடைப் பொம்மை ஏது? மூங்கிலில் ஒரு முழக் குழாயை நறுக்குவோம். ஒரு பக்கத்துக் கணுவை மட்டும் விட்டுவைத்து, அதில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சிறு துளை இடுவோம். ஒரு குச்சியின் நுனியில் பழந்துணியைச் சுற்றி நூலால் கட்டி உள்ளே செலுத்துவோம். பீச்சாங்குழல் ஆயத்தம். துணியை முதலில் நீரில் ஊறவைக்க வேண்டும். ஊறி உப்பினால்தான் குழாயோடு இறுகப் பொருந்தி நீரை உறிஞ்சும். உலர்ந்த துணியோடு இழுப்பவனுக்குக் காற்றுதான் கிடைக்கும். பழந்தமிழ் இலக்கியம் புனலாட்டுகளில் சொல்லும் ‘சிவிறி’ என்ற நீர்வீசு கருவியும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர்மீது ஆட்டுத்தோல் பைகளால் நீர் பீய்ச்சும் வழக்கத்தை நம் வாசகர்களில் பலர் நேரில் கண்டிருக்கலாம்.

மூங்கில் குழலுக்கும் இப்புதிய துப்பாக்கிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மூங்கில் குழலில் நாம் தள்ளும் கணத்தில் நீர் பாய்கிறது. கை நின்றால் நீரும் நிற்கிறது. எதுவும் சேமிக்கப்படுவதில்லை. புதிய வகையில் கையின் உழைப்பு அழுத்தமாகச் சேமிக்கப்படுகிறது. நீரை நெருக்கிச் சுருக்க முடியாது; காற்றை முடியும். தொட்டியில் முக்கால் பங்கு நீரும் கால் பங்கு காற்றும் விட்டு, கைப்பிடியால் மேலும் மேலும் காற்றை உள்ளே செலுத்தினால், அக்காற்று நெருங்கிச் சுருங்கி ஒரு வில்லைப்போல் காத்திருக்கிறது. விசை திறக்கும்போது அவ்வில் விரிந்து நீரை வெளியே தள்ளுகிறது.

அமெரிக்க விமானப்படையிலும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலும் பணியாற்றிய லோனி ஜான்சன் என்ற பொறியாளர் இதன் தந்தை. 1982இல் நீரைக்கொண்டு இயங்கும் வெப்பக் கருவி ஒன்றைத் தம் குளியலறைக் குழாயில் பொருத்திச் சோதித்தபோது, முனையிலிருந்து நீர் சீறிப்பாய்ந்ததைக் கண்டார். இதை விளையாட்டுப் பொருளாக்கலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1986இல் காப்புரிமை பெற்றார். 1990இல் கடைக்கு வந்த அப்பொம்மை, மறு ஆண்டு ‘சூப்பர் சோக்கர்’ என்ற பெயரால் உலகம் அறிந்ததாயிற்று. ஆனால் உந்துதண்டும் ஒருவழி வால்வும் அவருக்கு மிக முந்தியவை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்தேசிபியுஸ் செய்த நீரேற்று பம்புக்கும் அவையே உயிர்.

இவ்வளவு தெரிந்தும் அன்றிரவு நாம் செய்தவை மூன்றும் பிழைகள்.

முதற்பிழை, கைப்பிடியைப் பலவந்தமாக இழுத்தது. உள்ளேயிருந்த ரப்பர் வளையம் உருளையின் சுவரோடு ஒட்டியிருந்தது. இழுத்த இழுப்பில் அதன் ஓரம் பிய்ந்தது. இரண்டாவது, வழுவழுப்பாகட்டும் என்று அவ்வளையத்தில் வாசலினைத் தடவியது. பெட்ரோலியத்தின் வழிவந்த எந்த மசகும் இயற்கை ரப்பருக்குப் பகை என்பதை நாம் அறியவில்லை. காலையில் பார்த்தால் வளையம் உப்பித் தொளதொளத்திருந்தது. மூன்றாவது, முனையின் துளை அடைத்திருப்பதைக் கண்டு, ஊசியால் குத்தித் திறந்தது. துளை திறந்தது, ஆனால் வட்டமாக இருந்த துளை ஒருபுறம் கிழிந்து கோணலாயிற்று.

நீரூற்றிக் காற்றடித்தோம். கைப்பிடியில் தடையே தெரியவில்லை. சற்று நேரம் பொறுத்தால் கைப்பிடி தானாகவே மேலே எழும்பியது. விசையை அழுத்தாமலேயே முனையிலிருந்து நீர் சொட்டியது. அழுத்தினால், கிழவரின் எச்சில்போல் காலடியில் விழுந்தது. இன்னும் வேகமாக அடித்துப் பார்த்தோம். சட்டை நனைந்ததே மிச்சம்.

புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் வந்தது. அது எளிய வழி. சில நூறு ரூபாயில் கணக்கு முடிந்துவிடும். அவ்வாறு முடிப்பது நமக்கு உதவுமேயன்றி அவனுக்கு உதவாது என்று பட்டது. சனிக்கிழமை மாலை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

வீடு வயலோரத்தில் இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூர்ப் பகுதியைச் சொல்வார்கள். அந்நெல்லுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் பெரியவர் திண்ணையில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறுவன் அருகில் இருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான், முகத்தைப் பார்க்கவில்லை.

பையிலிருந்து அதை எடுத்துத் திண்ணையில் வைத்தோம். அன்று நாம் பேசிய பேச்சு தவறு என்றும், பீடத்துக்குத் தகுதியைப்பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை என்றும், அவன் பொருளையும் பாழாக்கிவிட்டோம் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னோம். ஐம்பது வயதைக் கடந்தவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது, ஒப்புரவு அருட்சாதனத்தில் எத்தனையோ ஆண்டுகள் மறுபுறம் அமர்ந்தவருக்கும் எளிதாக வரவில்லை. நாக்கு வறண்டது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியை எடுத்தான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். தொட்டியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றி, மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னான்:

“காத்த எறக்காமலே வெச்சிட்டீங்க சாமி.”

பெரியவர் தெளிப்பானை ஒதுக்கி வைத்தார். பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வரச்சொன்னார். அதில் பல அளவிலான புதிய ரப்பர் வளையங்களும் வாஷர்களும் இருந்தன. “ஸ்பிரேயரும் இதுவும் ஒண்ணுதான் சாமி. அது பதினாறு லிட்டரு, இது ஒரு லிட்டரு” என்றார். மருந்தடித்த கருவியின் எந்தப் பாகமும் பிள்ளைகள் கையில் படக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பயன்படாத புது வளையங்களை மட்டுமே தேடினார்.

அவ்விருவரும் நமக்குக் கற்பித்ததைப் பங்குப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

காற்றடிக்கும்போது கையில் தடை தெரியாவிட்டால் குற்றம் உந்துதண்டின் வளையத்தில். உலர்ந்திருந்தால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் போதும். பிய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரை உப்பச் செய்யாது. அக்காலத்து மோட்டார் வண்டிகளின் பிரேக் எண்ணெயில் விளக்கெண்ணெய் சேர்த்ததும் இதனால்தான். பிசுக்காக உறையும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அடித்தபின் கைப்பிடி தானே மேலெழும்பினால், உள்ளே போன காற்று திரும்பி வருகிறது என்று பொருள். உருளையின் அடியிலுள்ள ஒருவழி வால்வில் மணலோ பாசியோ சிக்கியிருக்கும். நம்முடையதில் ஒரே ஒரு மணற்பருக்கை இருந்தது. அவ்வளவு பெரிய தொட்டியின் அழுத்தமெல்லாம் அந்தப் பருக்கையின் ஓரமாகக் கசிந்து போயிருந்தது.

சீறும் ஓசை கேட்டு, இடம் தெரியாவிட்டால், சோப்பு நுரையை மூடியைச் சுற்றித் தடவ வேண்டும். சைக்கிள் டியூபில் ஓட்டை காண்பதுபோல், கசியும் இடத்தில் குமிழி எழும். விசையை விட்டபின்னும் முனை சொட்டினால் விசை வால்வில் அழுக்கு. பீய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் உள்ளே நீரை ஏற்றும் குழாய் கழன்றிருக்கும். முனை அடைத்திருந்தால் ஊசியைத் தொடக்கூடாது. எலுமிச்சைச் சாற்றிலோ காடியிலோ ஓரிரவு ஊறவைத்தால் உப்பு தானே கரையும். நாம் ஊசியால் குத்தியதை அவன் உடனே கண்டுகொண்டான். முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இத ஒண்ணும் பண்ண முடியாது சாமி” என்றான்.

எல்லாவற்றையும்விட அவன் வற்புறுத்தியது, விளையாடி முடித்தபின் செய்ய வேண்டியது. விசையை அழுத்திப் பிடித்து, சீறல் முற்றும் அடங்கும்வரை காற்றை இறக்க வேண்டும். அதன்பிறகே மூடியை மெல்லத் திருக வேண்டும். நீரைக் கொட்டி, நல்ல நீரால் அலசி, வெறுமனே இரண்டு மூன்று முறை அடித்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றி, மூடியைத் திறந்தபடியே நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும். அழுத்தத்தோடு வைத்தால் வளையங்கள் ஒரே நிலையில் நசுங்கிக் கிடந்து, மீண்டும் விரியும் தன்மையை இழந்துவிடும்.

பெரியவர் இடையில் தெருப் பம்பை நினைவுகூர்ந்தார். “அந்தக் காலத்துல தெருவுக்கு ஒரு பம்பு. நின்னுபோச்சுன்னா பொம்பளைங்க கொடத்தோட அடுத்த ஊருக்குப் போவாங்க. பிரிச்சா ஒரு வாஷராத்தான் இருக்கும்.” நாட்டின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1970களின் முற்பகுதியில் கிராமங்களில் இறக்கிய வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் பெருமளவில் பழுதாகி நின்றன. ஒரு வீட்டின் பயன்பாட்டுக்காக வடிவமைத்ததை ஊரே அடித்தால் தாங்குமா? மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறிஸ்தவ மறைப்பணி அமைப்புகளின் சூழலில் உருவான உறுதியான பம்புகளை முன்மாதிரியாகக் கொண்டு, யூனிசெப் நிறுவனமும் இந்திய அரசும் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு க்ருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்தபின் 1970களின் பிற்பகுதியில் அது நாடெங்கும் பரவியது. பின்னர் வந்த ‘மார்க் 3’இன் நோக்கமே, வாஷர் மாற்றுவதற்காக முழுக் குழாயையும் வெளியே இழுக்காமல் ஊராரே பழுது பார்க்கலாம் என்பதுதான். தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷரும் வந்தது. இரும்பையும் கைப்பிடியையும் கண்டு வியக்கிறோம். குடத்தை நிரப்புவது உள்ளே கண்ணுக்குத் தெரியாத அந்த வளையம்.

இருட்டும் வேளையில் மூன்றாவது வளையம் பொருந்தியது. சிறுவன் முக்கால் தொட்டி நீர் ஊற்றி, இருபது முறை அடித்து, முற்றத்து முருங்கையை நோக்கி விசையை அழுத்தினான். நீர் சீறிப் பாய்ந்தது. ஆனால் நேராகப் போகாமல் இடப்புறமாக வளைந்து கோழிக்கூண்டின்மேல் விழுந்தது. கோழிகள் கத்தின. அந்தக் கோணல் நமது கைவண்ணம். அதற்கு மாற்று இல்லை. அவன் இன்னொரு முறை அடித்து, இம்முறை மரத்துக்குச் சற்று வலப்புறம் குறிவைத்தான். நீர் வளைந்து சென்று மரத்தைத் தொட்டது. திரும்பி நம்மைப் பார்த்தான். பத்து மாதத்தில் முதன்முறையாக.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் சொன்ன ஒரு வாக்கியமே உடன் வந்தது. சினத்துக்குப் பவுலடியார் எபேசியருக்கு எழுதிய மடலில் ஒரு பகற்பொழுதையே எல்லையாக வைத்தார். அப்பகுதிக்கு நாம் பலமுறை விளக்கம் எழுதியதுண்டு. கிரேக்கச் சொல்லின் வேரைக்கூட வகுப்பில் ஆராய்ந்தோம். ஆயினும் பூட்டிய அலமாரிக்குள் அழுத்தத்தோடு ஒன்றை வைத்துவிட்டு, கதவு அடைத்திருக்கிறது, ஆகவே அமைதி நிலவுகிறது என்று எண்ணினோம். அழுத்தம் வெளியே வெடிக்கவில்லை என்பது உண்மை. அது உள்ளிருந்த மெல்லிய வளையத்தையல்லவா பத்து மாதமாக நசுக்கிக்கொண்டிருந்தது! நீர் நல்ல நீர்தான், தேங்கியதால் நாறிற்று. நமது சினத்திலும் முதலில் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். ஒரு பதிவேட்டைக் காப்பது பங்குத்தந்தையின் கடமையே. இறக்கி வைக்காமல் பூட்டியதால் அந்த நியாயமும் கெட்டது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னிப்பு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டபின்னும் பரிகாரம் எஞ்சி நிற்பதன் பொருளை, வளைந்து போகும் அந்த நீரில் கண்டோம். அவன் இனி எப்போதும் சற்று வலப்புறமாகவே குறிவைக்க வேண்டும். அதைப் பழகிக்கொள்ளும் சுமை, தவறு செய்த நம்மிடம் இல்லாமல் அவன் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

திருநீற்றுப் புதனன்று அவன் வந்தான். அழைக்காமலேயே உடைமாற்றும் அறைக்குள் சென்று, தன் வெள்ளை அங்கியைத் தேடி எடுத்து அணிந்தான். அது அவனுக்குக் குட்டையாகிவிட்டிருந்தது. அந்தப் பத்து மாதங்களில் அவன் வளர்ந்திருந்ததை அப்போதுதான் கண்டோம்.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் நீரை மந்திரித்து, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தபின், தீர்த்தம் தெளித்துக்கொண்டு மக்களிடையே நடந்தோம். தீர்த்தச் செம்பை ஏந்தி நம் வலப்புறம் வந்தவன் அவனே. கடைசி வரிசைகளுக்குத் துளி எட்டவில்லை. நாம் இன்னொரு முறை கையை வீசியபோது, அவன் உதடு அசையாமல், “என்னுதைக் கொண்டாரட்டுமா சாமி?” என்றான். வழிபாட்டின் நடுவே சிரிப்பை அடக்குவது பெரும்பாடாயிற்று.

அவன் கேட்டதில் புதுமை ஒன்றும் இல்லை. போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் உயிர்ப்பு விழாவுக்கு மறுநாளான திங்களன்று ஒருவர்மீது ஒருவர் நீரூற்றிக் கொண்டாடுகிறார்கள். ‘நனைந்த திங்கள்’ என்றே அந்நாளுக்குப் பெயர். 966ஆம் ஆண்டில் ஆட்சியாளர் முதலாம் மியெஸ்கோ பெற்ற திருமுழுக்கோடு அவ்வழக்கத்தை இணைத்துச் சொல்வாரும் உண்டு. 2020ஆம் ஆண்டு, கொரோனாக் கொள்ளைநோயின் நாள்களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் புனித அம்புரோசு ஆலயப் பங்குத்தந்தை டிம் பெல்க், முகக்கவசம் அணிந்து, கார்களில் வந்த மக்களின் உயிர்ப்பு விழாக் கூடைகளைப் பொம்மைத் துப்பாக்கியால் தீர்த்தம் பீய்ச்சி ஆசீர்வதித்தார். அப்படம் உலகமெங்கும் பரவியது. அருகில் நெருங்க இயலாத நேரத்தில், தூரத்தைக் கடந்து நீர் போய்ச் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார். நாமோ, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிள்ளைக்கும் நமக்குமிடையே பத்து மாதத் தூரத்தை உண்டாக்கியிருந்தோம்.

கலங்கிய அந்த வரியின் ஓரத்தில், பெயரைத் தெளிவாகத் திரும்ப எழுதி, நாளிட்டுக் கையொப்பமும் இட்டிருக்கிறோம். நமக்குப்பின் வரும் குருக்கள் ஏதோ மழைக்காலத்து ஒழுக்கு என்று எண்ணிக்கொள்ளட்டும்.

இரவு செபத்துக்குப்பின் அலுவலகக் கதவைப் பூட்டுமுன் அலமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அடித்தட்டு காலியாக இருக்கிறது. அன்றைய பொழுதில் யார்மீதேனும் காற்றை இறக்காமல் வந்திருக்கிறோமா என்று சற்று நின்று எண்ணிப் பார்க்கிறோம். சில இரவுகளில் உண்டு. அவ்விரவுகளில் பூட்டைப் போடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, கைவிளக்கோடு தெருவில் இறங்குகிறோம்.